வேலையும் வாடகையும்: வாடிக்கையாளர் ஏன் ஊர் மாறுகிறார்?

சங்கரன்கோவில் கடைவீதியில் மளிகைக்கடையானாலும் ஜவுளிக்கடையானாலும் பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முன்பு மாதக் கணக்கு வைத்திருந்த குடும்பங்களில் சில இன்று ஊரில் இல்லை. திருப்பூர், கோவை, கேரளம் என்று பெயர்ந்து போய்விட்டன. வேறு சில குடும்பங்களில் ஆண் மட்டும் வெளியூரில் இருக்கிறார். மனைவி மக்கள் இங்கேயே இருக்கிறார்கள். கணக்கும் தொடர்ந்து நடக்கிறது. ஒரே தெருவில் ஒரே தொழில் பார்த்த இரண்டு குடும்பங்களில் ஒன்று போவதும் மற்றொன்று தங்குவதும் எதனால்? வியாபாரிகளாகிய நாம் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். முதல் குடும்பம் நமக்கு இழப்பு. இரண்டாவது குடும்பம் இன்றும் நமக்கு வாடிக்கை.

விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேலை ஆளை வெளியே கொண்டுபோகிறது. குடும்பமும் உடன் போகிறதா என்பதைப் பெரும்பாலும் வீட்டு வாடகை தீர்மானிக்கிறது.

தறி நின்றால் கடையும் காற்றாடும்

நம் வட்டாரத்தின் பணப்புழக்கம் விவசாயம், பூ வியாபாரம், விசைத்தறி ஆகியவற்றை நம்பியிருக்கிறது. மானாவாரி நிலம் மழையைப் பார்த்திருக்கும். பூ விலை முகூர்த்த நாட்களில் ஏறி மற்ற நாட்களில் இறங்கும். ஆனால் தறி ஓடினால் ஆண்டு முழுவதும் கூலி வரும். சேலை நெய்பவர், பாவு ஓட்டுபவர், தார் சுற்றும் பெண்கள் என்று ஒரு தறிக்கூடத்தை நம்பிப் பல அடுப்புகள் எரிகின்றன.

அந்தத் தறி நூல் விலைக்குக் கட்டுப்பட்டது. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறி, அதற்கு ஈடாகச் சேலை விலை ஏறாவிட்டால் உற்பத்தியாளர் பாவு கொடுப்பதைக் குறைத்துக்கொள்வார். 2023இல் தமிழக அரசு விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தியது. இது நல்ல உதவிதான். ஆனால் பாவு இல்லாத தறிக்கு மின்சாரம் இலவசமாக இருந்தும் என்ன பயன்? கூலி குறைந்த நெசவாளி முதலில் நம் கடையில் கடனை நீட்டுவார். அடுத்து வெளியூரில் இருக்கும் மைத்துனருக்குப் போன் செய்வார்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே மாத வருமானம் 12,000 ரூபாய், வீட்டு வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 10,000.

அதே ஆள் குடும்பத்தோடு பெரிய ஊருக்குப் போய் 20,000 சம்பாதிக்கிறார். அங்கே வாடகை 7,000. தண்ணீர், பால், பஸ், பள்ளிக்கூடம் என்று கூடுதல் செலவு 3,000. மிஞ்சுவது அதே 10,000தான். போதாக்குறைக்கு அட்வான்ஸ் தொகையைப் புரட்டக் கடனும் வாங்கியிருப்பார்.

அவர் தனியாகப் போனால் கணக்கே வேறு. நான்கு பேர் சேர்ந்த அறையில் பங்கு வாடகை 1,500, சாப்பாடு 4,500, ஊர் வந்து போக 1,000. மிச்சம் 13,000 ரூபாய் வீட்டுக்கு வரும். இங்கே 2,000 வாடகை போனாலும் 11,000 நிற்கும். உண்பதற்கும் ஓர் ஆள் குறைவு.

மனைவிக்கும் அங்கே 10,000 ரூபாயில் வேலை கிடைத்தால் கணக்கு மறுபடியும் மாறும். அப்போது 7,000 வாடகை பெரிதாகத் தெரியாது. குடும்பம் மொத்தமாகக் கிளம்பிவிடும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெண்களுக்கும் வேலை உண்டு என்பதால்தான் அங்கே போகிறவர்கள் குடும்பத்தோடு போகிறார்கள். சென்னையில் ஓட்டலிலும் கடையிலும் வேலை பார்ப்பவர் பெரும்பாலும் தனி ஆளாகவே பொதிகை ரயிலில் வந்து போகிறார். சொந்த வீடு உள்ள குடும்பம் எளிதில் ஊரை விடாது. வாடகை வீட்டில் இருப்பவரே முதலில் கிளம்புவார்.

முன்பு குடும்பத்தை ஊரில் நிறுத்திய வேறு காரணங்களும் இருந்தன. ரேஷன் கார்டு அவற்றில் ஒன்று. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த ஊர் ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. மக்களுக்கு இது நன்மை. ஆனால் ஊரில் பிடித்து நிறுத்தும் கயிறுகளில் ஒன்று அவிழ்ந்துவிட்டது என்பதும் உண்மை.

மணியார்டர் நின்ற கதை

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பம்பாய் பஞ்சாலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும் பகுதியினர் கொங்கணப் பகுதியிலிருந்தும் மேற்கு மகாராஷ்டிரத்திலிருந்தும் போனவர்கள். பம்பாயில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுச் சால் என்னும் வரிசைக் குடியிருப்புகளில் ஒண்டிக்கொண்டார்கள். ரத்னகிரிப் பக்கத்துக் கிராமங்களை மணியார்டர் பொருளாதாரம் என்றே அழைத்தார்கள். 1982 ஜனவரி 18 அன்று பம்பாயில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது ஓராண்டுக்கு மேல் நீடித்தது. பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. கையில் காசில்லாமல் நகரத்தில் இருக்க முடியாதவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆலைச் சங்கு நின்றது பம்பாயில். மணியார்டர் நின்றது கொங்கணத்தில்.

அமெரிக்காவிலும் இதே கணக்கு

வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் போவதில் அமெரிக்கர்கள் பெயர் பெற்றவர்கள். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கே தொழில் நகரங்களுக்கும் மேற்கே கலிபோர்னியாவுக்கும் போனார்கள். கார்த் தொழிலால் வளர்ந்த டெட்ராய்ட் நகரில் 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டும் இடம் மாறியும் போனதாலும், வசதியுள்ளவர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்ததாலும் 2020இல் அது சுமார் 6.4 லட்சமாகச் சுருங்கியது. அங்கே வீடுகளின் விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. விற்றுவிட்டு வேறு ஊரில் வீடு வாங்க முடியாதவர்களும், மலிவான வாடகையை விட மனமில்லாதவர்களும் வேலை இல்லாவிட்டாலும் தங்கிவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் நிலைமை தலைகீழ். நல்ல சம்பளத்தில் வேலை உண்டு. ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு வீடு எட்டாக் கனி. அதனால் பலர் டெக்சாஸ், அரிசோனா, நெவாடா என்று வீடு மலிவான மாநிலங்களுக்குப் போகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் கலிபோர்னியா தன் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கீழ்ச்சபையில் ஓர் இடத்தை இழந்தது. டெக்சாஸ் இரண்டு இடங்களைக் கூடுதலாகப் பெற்றது.

பீட்டர் கானாங், டேனியல் ஷோக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. வளமான மாநிலத்துக்குப் போனால் வழக்கறிஞருக்கு வாடகை போகவும் லாபம் மிஞ்சுகிறது. துப்புரவுத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூடுதல் சம்பளத்தையோ வாடகையே விழுங்கிவிடுகிறது. ஆகவே ஏழைத் தொழிலாளி வளமான ஊருக்குப் போவது குறைந்துவிட்டது என்கிறார்கள். நம் நெசவாளி போடும் கணக்கும் இதுதான்.

திரும்பி வருகிறவர்கள்

போனவர்கள் போனவர்களாகவே இருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. சம்பளம் நின்றது, வாடகை நிற்கவில்லை. முடிந்தவர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பினார்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதமானது. திருப்பூரில் ஆர்டர்கள் குறைந்தன. அங்கே ஓவர்டைம் நின்றால் வாடகை கொடுக்கச் சிரமப்படும் குடும்பங்களில் நம் பகுதிக் குடும்பங்களும் உண்டு. வாஷிங்டனில் போடும் கையெழுத்து சங்கரன்கோவில் கல்லாப்பெட்டி வரை வருகிறது.

நாம் கவனிக்க வேண்டியவை

முதலாவது, கடன் கொடுப்பதில் நிதானம். ஒரு வாடிக்கையாளரின் பாக்கி ஏறும்போது அவர் தறி ஓடுகிறதா, வீடு சொந்தமா வாடகையா என்று கவனியுங்கள். ஆண் மட்டும் வெளியூர் போகும் குடும்பத்தை நெருக்கி விரட்ட வேண்டாம். இரண்டொரு மாதத்தில் அங்கிருந்து பணம் வரத் தொடங்கினால் பாக்கியும் வசூலாகும், வாடிக்கையும் நிற்கும்.

இரண்டாவது, கொள்முதல். குடும்பத்தோடு போனவர்கள் அன்றாடச் சரக்குக்கு வரமாட்டார்கள். ஆடித்தபசுக்கும் பொங்கலுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் வருவார்கள். அப்போது துணி, பாத்திரம், நகை, பலகாரம் விற்கும். குடும்பத்தை இங்கே விட்டுப் போனவர்களால் மாதத் தொடக்கத்தில் மளிகை விற்கும். உங்கள் தெருவில் எந்த வகையினர் அதிகம் என்று தெரிந்து சரக்கு எடுங்கள்.

மூன்றாவது, நம்மில் பலர் கடைக்காரர்கள் மட்டுமல்ல, வீட்டுச் சொந்தக்காரர்களும் கூட. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இந்தச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மேலே போட்ட கணக்கில் தனியாகப் போனவருக்குக் கிடைத்த லாபம் மாதம் ஆயிரம் ரூபாய்தான். இங்கே வீட்டு வாடகையை ஆயிரம் ரூபாய் ஏற்றினால் அந்த லாபம் மறைந்துவிடும். அந்தக் குடும்பம் இங்கே இருக்கக் காரணமும் இல்லாமல் போகும். வீட்டுக்காரராக நாம் ஆயிரம் ரூபாய் கூட்டி வாங்கலாம். அந்தக் குடும்பம் கிளம்பிவிட்டால் மளிகை, பால், காய்கறி, துணி, மருந்து என்று நம் கடைவீதி மாதந்தோறும் இழப்பது அதைவிடப் பல மடங்கு. வாடகையை ஏற்றுவதற்கு முன் பேரேட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.