பறை கற்கும் பெண்கள்

திருவிழாப் பவனிக்குப் பேண்டு வாத்தியம் அழைக்கும் நாம், பறையைச் சாவு வீட்டுக்கென ஒதுக்கிவிட்டோம். திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் அருட்சகோதரிகள் சந்திரா, பெல்சி இருவரும் தலித் இளம்பெண்களுக்கு அதே பறையைக் கற்றுக்கொடுத்தனர். ஆண்கள், பெரும்பாலும் ஊர்க் கட்டாயத்தால், அடித்துவந்த கருவி அது.

நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் இறுகி ஓசை எழும். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் நீண்ட மெல்லிய குச்சி. அடித்துக்கொண்டே ஆடவும் வேண்டும். கூனிக்குறுகி நின்றுகொண்டு இதைச் செய்ய முடியாது; பயிற்சியில் பாதி நிமிர்ந்து நிற்பதுதான்.

எல்லாரும் கலைஞர் அல்லர். ஆயினும் ஒவ்வொருவரும் தம் வாழ்வையே கலைப்படைப்பாக்க அழைக்கப்பட்டவர் என்று 1999 உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு எழுதிய மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கூறினார். நம் பங்கு மன்றத்தில் பறைப் பயிற்சி தொடங்கினால் எந்தத் தெருப் பிள்ளைகள் வருவார்கள், எந்தத் தெருப் பெற்றோர் அனுப்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.