சின்னத் தம்பிக்கு அண்ணன் சொல்லும் பாடம்

"கண்ணு, ஓடிப் போயி ஒரு கட்டு பீடி வாங்கியா!"

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் குரல் கேளாத தெரு உண்டா? திண்ணையில் சாய்ந்திருக்கும் தாத்தா சொல்லுவார். இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பிய தந்தை சொல்லுவார். தறிக் கொட்டகையிலிருந்து சித்தப்பா சொல்லுவார். ஏழெட்டு வயதுப் பையன் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கடைக்கு ஓடுவான். மீதிச் சில்லறைக்கு மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம். அதுதான் அவனுக்குக் கூலி.

இதில் யாரும் தீங்கு நினைப்பதில்லை. ஆனாலும் புகையிலையைப் பற்றி அந்தக் குழந்தை கற்கும் முதல் பாடம் இதுதான். பீடியின் பெயர், விலை, வாசனை எல்லாம் அவனுக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. இரண்டாம் பாடத்தைச் சொல்லித் தருகிறவன், பெரும்பாலும் பெரிய வகுப்பில் படிக்கும் ஓர் அண்ணன். கிணற்று மேட்டிலோ, பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஓரத்திலோ, "பயப்படாதேடா, ஒரே ஒரு இழுப்பு!" என்பான் அவன். அந்த ஒரே இழுப்பு நாற்பது வருஷம் நீடிப்பதும் உண்டு.

சரி, அந்த அண்ணனையே வாத்தியாராக்கி, பாடத்தைத் திருப்பிச் சொல்லச் செய்தால் என்ன? வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. உலகில் பல இடங்களில் செய்து பார்த்த காரியம் இது. நம் சென்னையிலும் நடந்திருக்கிறது.

பத்து வயதில் பற்றும் நெருப்பு

புகை பிடிப்பது மீசை முளைத்தவர்கள் விவகாரம் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அது தவறு. 2019-ம் ஆண்டு, 13 முதல் 15 வயது வரை உள்ள பள்ளி மாணவர்களிடையே நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடந்தது. நூற்றுக்கு 8.5 பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலையை உபயோகித்து வந்தது அதில் தெரிந்தது. எந்த வயதில் தொடங்கினார்கள் என்றும் கேட்டார்கள். வரிசையின் நடுவில் நிற்கும் பையனின் வயதைக் கணக்கிட்டால் சிகரெட்டுக்கு 11.5, பீடிக்கு 10.5, வாயில் அடக்கும் புகையிலைக்கு 9.9. பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு!

இதற்கு முன்பே, 2004-ல், சென்னையிலும் டில்லியிலும் பள்ளிகளில் எடுத்த கணக்கு ஆராய்ச்சிக்காரர்களையே திகைக்க வைத்தது. எட்டாம் வகுப்பில் நூற்றுக்கு 9 பேர் போலப் புகையிலையை ருசி பார்த்திருந்தார்கள். ஆறாம் வகுப்பிலோ ஏறத்தாழ 25 பேர்! வயது ஏற ஏறப் பழக்கம் கூடும் என்பதுதானே எல்லோருடைய எண்ணமும்? இங்கே இளைய வகுப்பு முந்திக்கொண்டிருந்தது. கல்லூரி வாசலில் காவல் வைத்துப் பயனில்லை, ஆரம்பப் பள்ளியின் படியிலேயே காவல் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையா?

சென்னையில் நடந்த சோதனை

அந்தக் கணக்கை எடுத்தவர்கள் கணக்கோடு நிற்கவில்லை. டில்லியில் உள்ள 'ஹிருதய்' என்ற அமைப்பு, அமெரிக்க நிபுணர்களுடன் சேர்ந்து, 2004 முதல் 2006 வரை ஒரு திட்டத்தை நடத்தியது. அதன் பெயர் 'மைத்ரி'. மைத்ரி என்றால் நட்பு. பெயருக்கு ஏற்ற காரியம்தான். சென்னையில் 16 பள்ளிகள், டில்லியில் 16 பள்ளிகள். அவற்றில் பாதிப் பள்ளிகளில் திட்டம் நடந்தது. மறுபாதியில் எதுவும் செய்யாமல் கவனித்து மட்டும் வந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 14,000 மாணவர்கள்.

திட்டம் நடந்த வகுப்புகளில் மாணவர்களிலிருந்தே தலைவர்களைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர் மேற்பார்வை பார்த்தார். குழு குழுவாக உட்கார வைத்து, விளையாட்டும் விவாதமுமாகப் பாடத்தை நடத்தியவர்கள் மாணவத் தலைவர்களே. சுவரில் படங்கள் மாட்டினார்கள். பெற்றோருக்கும் கார்டுகள் போயின.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி கணக்கெடுத்தார்கள். திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலை உபயோகம் 68 சதவீதம் கூடியிருந்தது. நடந்த பள்ளிகளிலோ 17 சதவீதம் குறைந்திருந்தது. சிகரெட்டிலும் பீடியிலும் பலன் தெளிவாகவே தெரிந்தது. 2009-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

வாத்தியார் சொல்லும் அண்ணன் சொல்லும்

இந்த ஆராய்ச்சியின் முன்னணியில் இருந்த அமெரிக்க அம்மையார் செரில் பெரி, 1970-களின் இறுதியில் கலிபோர்னியாவில் இதே வழியைப் பரீட்சித்தவர்களில் ஒருவர். அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏழாம் வகுப்புக் குழந்தைகளிடம் சென்று, பிறர் வற்புறுத்தும்போது எப்படி மறுப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளில் புகை பிடிக்கத் தொடங்கியவர்கள் மற்றப் பள்ளிகளைவிடக் குறைவு.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவையான கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 59 பள்ளிகளில் 12, 13 வயதுப் பிள்ளைகளிடம், "உங்களில் யார் பேச்சை எல்லோரும் கேட்கிறீர்கள்?" என்று விசாரித்தார்கள். பிள்ளைகள் பெயர் சொன்னவர்களுக்கே பயிற்சி அளித்தார்கள். முதல் வரிசையில் உட்காரும் நல்ல பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியரிடம் திட்டு வாங்கும் கடைசி பெஞ்சுக்காரர்களும் அதில் இருந்தார்கள்! அவர்கள் மேடை ஏறவில்லை. சாப்பாட்டு வேளையிலும், வீட்டுக்குப் போகும் வழியிலும் நண்பர்களிடம் பேசினார்கள். அவ்வளவுதான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் புகைக்கும் பிள்ளைகள் மற்ற இடங்களைவிடக் குறைவாக இருந்தார்கள்.

காரணம் புரியாததா? வாத்தியார் புகையின் தீமையைச் சொன்னால் பையன் பரீட்சைக்கு எழுதுவான். கபடியில் கெட்டிக்காரனான பத்தாம் வகுப்பு அண்ணன் சொன்னால் மனத்தில் எழுதிக்கொள்வான்.

எப்படிச் சொல்லித் தருவது?

நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இதைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து ஆரம்பப் பள்ளிக்குப் போய் நிற்கிறார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ரசாயனப் பொருள்கள் புகையில் இருக்கின்றன, அவற்றில் எழுபதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற உண்மையைச் சொல்லட்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் குழந்தைகள் கொட்டாவி விடுவார்கள்.

ஒரு குளிர்பானக் குழலைக் கொடுக்கலாம். இருந்த இடத்திலேயே அரை நிமிஷம் குதிக்கச் சொல்லி, பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு குழல் வழியாக மட்டும் மூச்சு வாங்கச் சொல்லலாம். சில விநாடிகளிலேயே திணறும். "நுரையீரல் கெட்டுப்போனவருக்கு நாள் முழுவதும் இப்படித்தான்" என்று சொன்னால் போதும். இழுப்பு நோய் உள்ள குழந்தையை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது.

அடுத்து ஒரு கணக்கு. தினம் இருபது ரூபாய்க்குப் புகைத்தால் வருஷத்துக்கு எவ்வளவு? 7,300 ரூபாய். அதில் என்னென்ன வாங்கலாம் என்று குழந்தைகளையே பட்டியல் போடச் சொன்னால், சைக்கிளில் தொடங்கி அம்மாவுக்குச் சேலை வரை வந்துவிடும்.

பிறகு ஒரு நாடகம். அண்ணன் பீடி நீட்டுவதுபோல ஒரு சுண்ணாம்புக் கட்டியை நீட்டுவான். "வேண்டாமுங்கண்ணா, எனக்கு ஓட்டப் பந்தயம் இருக்குது" என்று தம்பி சொல்ல வேண்டும். கேலி செய்தாலும் கலங்காமல் சொல்ல வேண்டும். மறுப்பதும் ஒரு பழக்கந்தான். பத்துத் தடவை வாய்விட்டுச் சொன்னவனுக்குப் பதினோராம் தடவை நிஜமாகவே சொல்ல வரும்.

பீடி இலையில் சுற்றியது, அதனால் சாது என்று ஒரு நம்பிக்கை நம் பக்கத்தில் உண்டு. அதையும் உடைக்க வேண்டும். பீடி அணையாமலிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன.

தந்தை குற்றவாளி அல்ல

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தந்தை பீடி குடிப்பவராக இருக்கலாம். நாமக்கல்லிலிருந்து வடநாடு வரை லாரி ஓட்டும்போது தூக்கத்தை விரட்ட அவர் பற்ற வைத்திருப்பார். "புகை பிடிப்பவர் கெட்டவர்" என்று அண்ணன் பேசிவிட்டால், அந்தக் குழந்தை தலை குனிந்து அழும்; அல்லது அண்ணன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டும். தந்தை கெட்டவரல்ல, ஒரு கெட்ட பொருளிடம் அகப்பட்டுக்கொண்டவர் என்றே சொல்ல வேண்டும்.

அவர் மீளவும் வழி உண்டு. பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது வருஷம் கவனித்து வந்த ரிச்சர்டு டால் குழுவினர் 2004-ல் சொன்ன முடிவு இது: புகைப்பவர் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழக்கிறார். முப்பது வயதில் விட்டால் அநேகமாக முழுவதையும் மீட்கலாம். நாற்பதில் விட்டால் ஒன்பது வருஷம். ஐம்பதில் விட்டால் ஆறு. அறுபதில் விட்டாலும் மூன்று. தந்தைக்குக் குழந்தை எடுத்துச் செல்ல இதைவிட நல்ல சேதி உண்டா? விட விரும்புவோருக்கு உதவும் 1800 11 2356 என்ற இலவசத் தொலைபேசி எண் சிகரெட், பீடிக் கட்டுகளின் மேலேயே அச்சாகியிருக்கிறது.

புதுப்பாளையம் காட்டிய வழி

ஒரு பழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை அமைத்தார். கதராடையோடு மதுவிலக்கும் அதன் வேலையாயிற்று. 1929-ல் 'விமோசனம்' என்ற பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. ராஜாஜி ஆசிரியர், கல்கி அவருக்கு உதவியாளர். கதையும் படமுமாகக் குடியின் கேட்டை அது எடுத்துக் காட்டியது. 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்குச் சட்டம் முதன்முதல் அமலானது இதே சேலம் ஜில்லாவில்தான். இன்றைய நாமக்கல் மாவட்டமும் அன்று அதில் அடக்கம். முன்னால் நடந்தது பேச்சு. பின்னால் வந்தது சட்டம்.

புகையிலை விஷயத்தில் இது தலைகீழாகிவிட்டது. சட்டம் முன்பே வந்துவிட்டது. 2003-ம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக் கூடாது; பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள், அதாவது முந்நூறு அடிக்குள், கடையே கூடாது. பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் மாணவர்களையே புகையிலைக் கண்காணிப்பாளராக நியமிக்கலாம் என்றும் மத்திய சுகாதார இலாகா 2019-ல் நெறிமுறை வகுத்தது. வராமலிருப்பது பேச்சுத்தான்.

மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். நம் பள்ளிகளுக்கோ அது கோடை விடுமுறை! ஊர்வலமும் உறுதிமொழியும் பிள்ளைகள் இல்லாத நாளில் நடந்து முடிந்துவிடும். ஒரு நாள் உறுதிமொழி ஒரு நாளைக்குத்தான் தாங்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடங்கி, மாதம் ஒரு வகுப்பு என்று வருஷம் முழுவதும் அண்ணன்மார் போனால் என்ன? நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்குக் கிராமங்களுக்குச் செல்லும் மேல்நிலை மாணவர்கள், கோயில் கூட்டுவதோடு மாலையில் ஊர்ச் சிறுவரைக் கூட்டி வைத்து இந்த நாடகத்தையும் ஆடிக் காட்டினால் என்ன? இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு குழலும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் போதும்.

அப்படிச் செய்தால், நாளை ஒரு நாள் திண்ணையிலிருந்து அதே குரல் கேட்கும்போது பையன் ஓடமாட்டான். நின்று, "எனக்குக் குடுக்கக் கூடாதாமுங்க தாத்தா, பள்ளிக்கூடத்து அண்ணன் சொன்னாங்க" என்பான். தாத்தா முதலில் முறைப்பார். பிறகு தாமே எழுந்து நடப்பார். பாதி வழியில் மூச்சு வாங்கும். சற்று உட்காருவார். பேரன் சொன்னதை யோசிக்க அவருக்கு அந்த நேரம் போதும்.