விண்மீனாகும் விளக்குகள்

இரவில் நண்பர் ஒருவரை அருகில் நிறுத்தி நிழற்படம் எடுத்தால், அவருக்குப் பின்னே நெடுந்தொலைவில் எரியும் விளக்குகள் தெளிவிழந்து ஒளிவட்டங்களாகத் தோன்றும். இம்மங்கலைக் குறையென ஒதுக்குவோர் உளர். அழகெனப் போற்றுவோரும் உளர். மங்கலைக் குறிக்கும் ‘பொக்கே’ என்னும் ஜப்பானியச் சொல்லே இன்று நிழற்படக் கலைஞரிடையே பரவலாக வழங்குகின்றது.

அவ்வொளி வட்டமாய் இருப்பது ஏன்? விளக்கு வட்டமாய் இருப்பதனால் அன்று. விளக்கின் ஒளி கண்ணாடிவில்லை முழுவதும் விழுந்து, கருவியினுள் கூம்பு வடிவிற் குவிகின்றது. நண்பர் தெளிவாகத் தெரியுமாறு கருவியை அமைக்கும்போது, தொலைவிளக்கின் ஒளி தகட்டை அடையுமுன்னரே ஒரு புள்ளியிற் குவிந்து மீண்டும் விரிந்துவிடுகின்றது. விரிந்த அக்கூம்பின் குறுக்குவெட்டே தகட்டில் விழுகின்றது. ஒளி நுழைந்த வாயில் வட்டமாயின் வெட்டும் வட்டம்; விண்மீனாயின் அதுவும் விண்மீன்.

இதனை வீட்டிலேயே செய்து காணலாம். தடித்த கருந்தாளை வில்லையின் முகப்பளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவே விண்மீன் வடிவில் துளையிட்டு, மூடிபோல் பொருத்துதல் வேண்டும். துளையின் அளவிலேதான் பலர் தவறுவர். வில்லையின் குவியத் தொலைவை அதன் எஃப் எண்ணால் வகுத்தால் ஒளிவாயிலின் அகலம் கிடைக்கும். தொலைவு 50 மி.மீ., எண் 1.8 எனில், வாயில் ஏறத்தாழ 28 மி.மீ. துளை அதனினும் பெரிதாயின் பழைய வட்டமே தோன்றும். மிகச் சிறிதாயின் ஒளி குன்றி வடிவமும் சுருங்கும். 15 மி.மீ. தக்க அளவாகும். வில்லையினுள் உள்ள இதழ்த்திரையை முற்றும் திறந்து வைத்தலும் இன்றியமையாதது. கைபேசியின் நுண்ணிய வில்லையில் இஃது எளிதில் அமைவதில்லை.

துளையின் வழியே நோக்கினால் நண்பரின் முகமும் விண்மீன்போல் வெட்டுண்டுவிடாதோ? விடாது. வில்லையின் ஒவ்வொரு பகுதியும் காட்சி முழுவதையும் வரைய வல்லது. துளை குறுகினால் ஒளி குறையுமேயன்றி உருவம் குறைபடாது. நண்பரின் முகத்தினின்று வரும் ஒளிக்கூம்பின் முனையே தகட்டில் விழுவதால், துளையின் வடிவம் அங்கே தோன்ற இடமில்லை.

எழுத்துகளையும் வெட்டலாம். ‘அ’ என்பதன் சுழிக்குள் இருக்கும் தாள் உதிர்ந்துவிடும், ‘ட’ எளிது. படம் எடுப்பவர் பக்கமிருந்து நேராகப் படிக்குமாறு அதனைப் பொருத்தினால், பின்னணி விளக்குகள் யாவும் நேரான ‘ட’ ஆகும். நண்பருக்கு முன்னே, கருவிக்கு மிக அருகில் விளக்கு ஒன்று இருப்பின், அதன் ஒளி குவியுமுன்னரே தகட்டில் விழுகின்றது. ஆதலின் அவ்விளக்கில் மட்டும் எழுத்துத் தலைகீழாய்த் தோன்றும்.