தந்தியில் வந்த தாரா

ஹாக்கியில் இந்தியாவுக்கு ஈடு எவருமில்லை என்ற பெருமிதத்துடன்தான் 1936-ஆம் வருஷத்தில் நமது கோஷ்டி பெர்லின் நகரம் போய்ச் சேர்ந்தது. 1928-லும் 1932-லும் ஒலிம்பிக் பந்தயத்தில் வென்ற கோஷ்டியல்லவா? ஆனால், ஜூலை 17-ஆம் தேதி நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியர் 4-க்கு 1 என்ற கணக்கில் நம்மவரைத் தோற்கடித்துவிட்டார்கள்!

அக்காலத்து ஹாக்கியில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்ற முடியாது. ஆகவே பதினொருவரைப் பொறுக்கி எடுப்பதிலேயே பாதி வெற்றி அடங்கியிருந்தது. காப்டன் தியான் சந்துக்கு வலப்புறம் ஆடுவதற்குத் தகுந்த ஆள் வேண்டியிருந்தது. உடனே தாய்நாட்டுக்குத் தந்தி பறந்தது. கப்பலேறிய கோஷ்டியில் இடம்பெறாத அலி இக்திதார் ஷா தாரா, ஆகாய விமானத்தில் புறப்பட்டார்.

ஆகஸ்டு 12-ஆம் தேதி பிரான்ஸுக்கு எதிராக அவர் களமிறங்கினார். நம்மவர் பத்து கோல் போட்டார்கள். 15-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மானியரை 8-க்கு 1 என்று வென்றார்கள். தாராவும் கோல் போட்டார். பந்தயம் முழுவதிலும் நம்மவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரே கோல்தான்.

தேசம் இரண்டான பின், 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் அதே தாரா பாகிஸ்தான் கோஷ்டிக்குக் காப்டனாக நின்றார்!

ஒரு கோஷ்டியின் பலம் மைதானத்தில் நிற்கும் பதினொருவரோடு முடிந்துவிடுவதில்லை. அழைத்தவுடன் வந்து தோள்கொடுக்க ஊரிலே ஒருவர் இருக்கவேண்டும். தோற்ற மறுநாளே அவரை நினைத்துக்கொள்ளும் பணிவும் வேண்டும்.