மண்ணு அதேதான்... விதைதான் மாறும்!

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல காலேஜ் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஃபைனல் இயர் கும்பல் பக்கம் கொஞ்சம் காதைக் கொடுங்க. ''மாப்ள, ஜாவா படிக்கவா, பைத்தான் படிக்கவா?'', ''ஆங்குலரை விட்டுட்டு ரியாக்ட் படிக்கணுமாம்டா!'', ''எல்லாத்தையும் ஏ.ஐ.யே எழுதிடுமாமே... அப்ப நாம எதுக்கு?''

சில லேப்கள்ல இன்னமும் 1987-ல் பிறந்த டர்போ சி-யின் நீலத் திரை. இன்டர்வியூவுலயோ நேத்து வந்த ஃப்ரேம்வொர்க் பத்திக் கேள்வி. நடுவுல முழிக்கிறது நீங்க! அதுலயும் தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்துலயும் மானாவாரி வெள்ளாமையிலயும் ஃபீஸ் கட்டின வீட்டுப் பிள்ளைன்னா, 'தப்பான கோர்ஸுக்குப் பணத்தைக் கட்டிட்டோமோ'ங்கற பயம் தூக்கத்தையே கெடுத்துடும்.

பயம் நியாயமானதுதான் பாஸ்! 2010-ல் கூகுள் விட்ட ஆங்குலர் ஜேஎஸ்ஸை உலகமே விழுந்து விழுந்து படிச்சது. 2016-ல் ஆங்குலர் 2 வந்தப்போ அது வெறும் அப்டேட் இல்லை, அடியோடு வேற வீடு! பழசுக்கான சப்போர்ட் 2021 கடைசியோடு முடிஞ்சுபோச்சு. பைத்தானும் இப்படித்தான். 2008-ல் பைத்தான் 3 வந்தது. பழைய பைத்தான் 2-வுக்கு 2020 ஜனவரி 1-ல் மூடுவிழா. ஜாவாவோ 2018-லிருந்து ஆறு மாசத்துக்கு ஒரு புது வெர்ஷன் தள்ளுது.

அப்ப எதைத்தான் பிடிச்சுக்கிறது? பதில் உங்க ஊர்லயே இருக்கு!

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கினது. அங்கே உருவான ரகங்களுக்கு முன்னாடி 'கே'ன்னு ஒரு எழுத்து வரும். கே 8 சோளம், கே 12 சோளம், கே 11 பருத்தி... கிட்டத்தட்ட வெர்ஷன் நம்பர்தான்! ரகம் மாறிக்கிட்டே இருக்கும். ஆனா கோடை உழவும், கரிசல்ல ஈரத்தைக் காப்பாத்துற பக்குவமும் மாறுறதில்லை. உழவு சரியில்லைன்னா எந்தப் புது ரகமும் கைகொடுக்காது.

உங்க படிப்புலயும் அப்படித்தான். டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்... இதெல்லாம் மண்ணு. 1972 வாக்கில் உருவான சி மொழியிலதான் இன்னிக்கும் லினக்ஸ் கெர்னலின் பெரும்பகுதி ஓடுது. 1970-கள்ல பிறந்த எஸ்.க்யூ.எல். இல்லாம இன்னிக்கு எந்த பேங்க்கும் நகராது. ஃப்ரேம்வொர்க் எல்லாம் விதை. அந்தந்தப் பருவத்துக்கு எது விளையுமோ அதைப் போடணும், அவ்வளவுதான்!

சரி, மேட்டருக்கு வருவோம். என்ன பண்ணலாம்?

ஒண்ணைப் பிடி, ஆழமாப் பிடி: அஞ்சு மொழியில 'ஹலோ வேர்ல்ட்' போடறதைவிட ஒரே மொழியில ஒரு வருஷம் உழுங்க. ஒண்ணு கைக்கு வந்துட்டா அடுத்தது சில வாரத்துல பிடிபடும்.

ரிலீஸ் நோட்ஸ் படிங்க: கோர்ஸ் விளம்பரத்தை நம்பாம அந்த மொழியோட சொந்த டாக்குமென்டேஷனைத் திறங்க. 'டெப்ரிகேட்டட்'னு போட்டிருந்தா, 'இதை ஒருநாள் தூக்கப் போறோம்'னு முன்கூட்டியே சொல்ற அறிவிப்பு. சப்போர்ட் என்னிக்கு முடியுதுன்னும் பாருங்க. புதுசா ஒண்ணு வந்தா, அதை யார் பராமரிக்கிறாங்க, நீங்க தேடுற வேலைக்கு அதைக் கேக்குறாங்களான்னு பார்த்துட்டு அப்புறம் குதிங்க.

நம்ம ஊருக்கு ஒரு ப்ராஜெக்ட்: 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் போடுங்களேன்! எடை, விலை, வரிக் கணக்கைத் தனியா எழுதுங்க. திரையில காட்டுற பகுதியைத் தனியா வைங்க. ஆறு மாசம் கழிச்சு ஃப்ரேம்வொர்க்கை மாத்திப் பாருங்க. கணக்கு அப்படியே நிக்கும், முகப்பு மட்டும் மாறும். இன்டர்வியூல சொல்ல இதைவிடப் பெரிய கதை வேணுமா?

'அதுக்கெல்லாம் சென்னைக்குப் போகணுமே'ன்னு இழுக்காதீங்க. கழுகுமலை, சங்கரன்கோவில் தாண்டிப் போனா தென்காசி. அது பக்கத்துல மத்தளம்பாறையில ஸோஹோ ஆபீஸ் இருக்கு. தென்காசி வட்டாரத்துல அவங்க கால் வெச்சது 2011-ல். அதுக்கும் முன்னாடி, 2005-லயே, ப்ளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு உதவித்தொகை கொடுத்து புரோகிராமிங் சொல்லித்தர ஆரம்பிச்சுட்டாங்க. கையில டிகிரி இல்லாதவங்களும் கத்துக்கிட்டு வேலைக்குச் சேர்ந்தாங்க. கத்துக்கிற பழக்கத்துக்கு ஊரோ, பட்டமோ தடை இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

கடைசியா அந்த ஏ.ஐ. பயம். 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கோடு கேட்டா கொட்டுது, உண்மைதான். ஆனா கொட்டினது சரியா, பழைய வெர்ஷன்ல எழுதியிருக்கா, எங்கே உடையும்னு கண்டுபிடிக்க ஆள் வேணும். எழுதத் தெரிஞ்சவனைவிட, படிச்சுப் பார்த்துத் தப்பைப் பிடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் இனிமே மவுசு!

இந்தப் பக்கத்துச் சம்சாரிங்க மழைக்கு முன்னாடியே காய்ஞ்ச மண்ணுல விதைச்சுட்டு வானத்தைப் பார்ப்பாங்க. அது அசட்டுத் துணிச்சல் இல்லை, மண்ணு மேல வெச்ச நம்பிக்கை. நீங்களும் இந்த சனிக்கிழமை லேப்டாப்பைத் திறந்து உழவை ஆரம்பிங்க. மழை வர்றப்போ உங்க வயல் ரெடியா இருக்கணும், என்ன?