சொல்லிச் செய்த நகை

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் நகைகளில் ஒரு ஜோடி அங்கவடி உண்டு. குதிரையில் ஏறி அமர்ந்தவர் கால் ஊன்றும் வளையம்தான் அங்கவடி. இரும்பிலோ பித்தளையிலோ அடிக்கிற அந்தச் சாமானைப் பொன்னில் செய்து, மாணிக்கமும் மரகதமும் வைரமும் பதித்திருக்கிறார்கள். காணிக்கையாகக் கொடுத்தவர் ரௌஸ் பீட்டர். 1812 முதல் 1828 வரை மதுரை கலெக்டராக இருந்த ஆங்கிலேயர். ஊர் மக்கள் வைத்த பெயர் பீட்டர் பாண்டியன். கொட்டும் மழையில் ஒரு சிறுமி அவரை வீட்டைவிட்டு வெளியே அழைத்து வந்தாளாம். வந்த மறுகணம் வீடு இடிந்து விழுந்ததாம். வந்தவள் மீனாட்சியேதான் என்று நம்பி, அம்மன் குதிரை வாகனத்தில் எழுந்தருளும்போது பாதத்துக்கு என்று இதைச் செய்து வைத்தார் என்பது மதுரைக்காரர்கள் சொல்லும் கதை.

அணிபவர் யார், எந்த நாளுக்கு, உடம்பில் எந்த இடத்துக்கு என்று பேசி முடித்த பிறகே உலையில் ஏறுகிற பொன் இது. இன்றைய விளம்பரங்கள் 'கஸ்டம் டிசைன்' என்று புதுப்பெயர் வைத்துக் கொண்டாடும் சங்கதி மதுரைக்குப் பழைய வழக்கம்.

எவ்வளவு பழையது என்றால், நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீழடி அகழாய்விலேயே பொன் அணிகலன் துண்டுகளும் சூதுபவள மணிகளும் சங்கு வளையல்களும் கிடைத்திருக்கின்றன. சிலப்பதிகாரமோ சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நால்வகைப் பொன்னையும் பிரித்தறிந்து விற்ற மதுரைக் கடைவீதியைக் காட்டுகிறது. அந்தக் காப்பியத்தின் வழக்கும் ஒரு நகையின் செய்நேர்த்தியைப் பற்றியதுதான். கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாதவை. ஒன்றின் உள்ளே மாணிக்கப் பரல். மற்றதில் முத்துப் பரல். உடைத்துப் பார்த்த பிறகே அரசனுக்கு உண்மை விளங்கியது. இன்ன பரலை உள்ளே இடு என்று சொன்னவருக்கும் இட்டவருக்கும் மட்டுமே தெரிந்த அடையாளம் அது.

உள்ளே இருப்பதை வைத்து மதிப்பிட வேண்டிய இன்னொரு நகை தண்டட்டி. மதுரை, தேனிப் பக்கம் தண்டட்டி. நெல்லைச் சீமையில் அதன் நெருங்கிய உறவு பாம்படம். பெண்குழந்தைக்குக் காது குத்தி, துளையில் பஞ்சையும் ஓலைச்சுருளையும் செருகி, பிறகு ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டுக் காது வளர்ப்பார்கள். மடல் தோளை நோக்கி இறங்கிய பிறகுதான் இந்த நகை ஏறும். பாம்படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அசந்துபோவோம். கட்டம், உருண்டை, கூம்பு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். பூ இல்லை, மயில் இல்லை, சாமி உருவம் இல்லை, வெறும் வடிவியல். பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, துண்டு துண்டாக வெட்டி, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, வயிற்றுக்குள் அரக்கை நிரப்புவார் ஆசாரி. அரக்கு இல்லாவிட்டால் விரல் பட்டாலே தகடு நசுங்கும். பார்க்கப் பெரிய நகை. தங்கமோ அந்தப் பருமனுக்கு மிகக் குறைவு. சிக்கனமும் கம்பீரமும் ஒரே பொருளில் கூடிய இந்த வேலைப்பாட்டுக்கு ஈடாக நவீன வடிவமைப்பாளர்கள் செய்தது குறைவு என்றே சொல்ல வேண்டும்.

இந்த ஆசாரிகளின் கைகளுக்குப் பெரிய அடி விழுந்தது 1963 ஜனவரியில். அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றன. காரட் குறைந்தால் கலப்பு உலோகம் கூடும். 22 காரட் பொன்னைப் போல இழுத்த இழுப்புக்கும் தட்டிய தட்டுக்கும் அது வளையாது. மக்களும் அதை வாங்க விரும்பவில்லை. நாடு முழுக்கப் பட்டறைகள் படுத்தன. தற்கொலை செய்துகொண்ட பொற்கொல்லர்களும் உண்டு. 14 காரட் வரம்பு சில ஆண்டுகளில் விலகினாலும், 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது.

இப்போது தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை பஜாரில் ஆர்டர் கொடுக்கப் போனால், செல்போனில் ஒரு படத்தை நீட்டினாலே பேச்சு தொடங்கிவிடும். கம்ப்யூட்டரில் வரைந்து, மெழுகு மாதிரியை மெஷினில் எடுத்து, அதைச் சுற்றி மாவுக்கலவை ஊற்றி இறுகவிட்டு, சூளையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் காலியிடத்தில் பொன்னை ஊற்றுவது இன்றைய காஸ்டிங் முறை. வார்ப்பு முடிந்தாலும் ராவுவது, கல் கட்டுவது, மெருகேற்றுவது எல்லாம் இன்னும் கைவேலைதான். மணப்பெண்ணின் கழுத்தளவுக்கு ஆரத்தின் வளைவைத் திருத்துவதற்குப் பழகிய கண் வேண்டும்.

ஆர்டர் கொடுப்பவர் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். செய்கூலி, சேதாரம் எவ்வளவு? கல்லின் எடையும் அரக்கின் எடையும் தங்க எடையிலிருந்து கழிக்கப்பட்டதா? 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடு கட்டாயம், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் தூய்மையும் ஹால்மார்க் முத்திரைக்குக் கொடுத்த நகைக்கடையும் தெரியும். குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்கு விலக்கு உண்டு என்பதால் கல் நகையில் இரட்டிப்புக் கவனம் தேவை. அந்தக் குறியீடு காட்டாதது ஒன்று உண்டு: நகையைச் செய்த ஆசாரியின் பெயர். சேலைக்கு நெசவாளர் பெயரைப் போடும் கடைகள் வந்துவிட்டன. லட்ச ரூபாய் ஆரத்தின் ரசீதில் ஒரு வரி கூடுதலாக அச்சிடுவது எந்தக் கடைக்கும் சிரமமில்லை. கேட்டு வாங்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

பாட்டியின் தண்டட்டி பெட்டிக்குள் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். உருக்கினால் அரக்கு போக மிஞ்சுவது சில பவுன்தான். அந்த வேலைப்பாட்டை மறுபடி செய்யத் தெரிந்தவர்களோ அருகிவிட்டார்கள். உருக்கக் கொடுக்கும் முன் வயதான ஒரு பத்தரிடம் காட்டுங்கள். மடல் வளர்க்காத காதுக்கும் பொருந்தும்படி கொக்கி வைக்கலாம். ஜோடியில் ஒன்றைச் சங்கிலியில் கோத்துப் பதக்கமாகவும் போடலாம்.