ஒரு கோட்டுக்காக அதிபரே பேசினார்! கொரியாவை 21 வருடம் ஆட்டிவைத்த டிஜிட்டல் சான்றிதழ்

உங்கள் வீட்டில் கொரியன் சீரியல் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா? அப்படியென்றால் 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்' என்ற பெயர் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒருவனுக்கும் ஒரு நடிகைக்கும் இடையிலான காதல் கதை. 2013 டிசம்பரில் தொடங்கிய இந்த சீரியல், சீனாவிலும் சக்கைப்போடு போட்டது. நாயகி ஜுன் ஜி-ஹியுன் போட்டு வந்த கோட்டுக்கும் அங்கே ஏக கிராக்கி.

ஆனால், கொரிய ஆன்லைன் கடைகளில் அதை வாங்கப்போன சீன ரசிகர்கள், பணம் கட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். கார்டு இருக்கிறது, கார்டில் பணமும் இருக்கிறது. கடை கேட்டதோ டிஜிட்டல் சான்றிதழ்! 2014 மார்ச்சில், அரசுக் கெடுபிடிகளைக் குறைப்பது பற்றிய கூட்டத்தில் அன்றைய அதிபர் பார்க் குன்-ஹே இந்தக் கோட்டைத்தான் உதாரணம் காட்டினார்.

அது என்ன சான்றிதழ்?

வங்கியின் இணையதளத்தைத் திறந்தால் பல பிரவுசர்களில் ஒரு பூட்டுப் படம் தெரியும். 'நான் உண்மையான வங்கிதான்' என்று தளம் நமக்குக் காட்டும் அடையாளம் அது. கொரியாவின் சான்றிதழ் இதற்கு நேர் எதிர். 'நான் உண்மையான வாடிக்கையாளர்தான்' என்று நாம் தளத்துக்குக் காட்டுவது. அசோகவனத்தில் அனுமன் சீதையிடம் கணையாழியைக் காட்டினாரே, அது போல.

முதலில் வங்கிக்கு நேரில் போய் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து பிரவுசரைத் திறந்து, தளம் சொல்லும் மென்பொருளை நிறுவினால் இரண்டு டிஜிட்டல் சாவிகள் உருவாகும். ரகசியச் சாவி நம் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். பொதுச் சாவி மட்டும் சான்றளிக்கும் நிறுவனத்துக்குப் போகும். 'இந்தச் சாவி இன்னாருடையது' என்று அந்த நிறுவனம் உறுதி செய்து அனுப்பும் சின்ன ஃபைல்தான் சான்றிதழ். பணம் அனுப்பும்போதெல்லாம் பாஸ்வேர்டு போட்டு இதை வைத்துக் கையெழுத்திட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

எங்கே சறுக்கியது?

1990-களில் வலுவான குறியாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு விதித்திருந்தது. வெளிநாடுகளுக்குக் கிடைத்த பிரவுசர்களில் 40 பிட் பாதுகாப்புதான். வங்கி வேலைக்கு இது போதாது என்று, 1998-ல் கொரியா 'சீட்' என்ற 128 பிட் முறையைத் தானே உருவாக்கியது. அடுத்த வருடமே மின் கையெழுத்துச் சட்டமும் வந்தது.

ஆனால், 'சீட்' முறை பிரவுசர்களுக்குத் தெரியாதே! அதனால் ஆக்டிவ்எக்ஸ் என்ற இணைப்பு மென்பொருளைச் சேர்த்தார்கள். அது ஓடியதோ இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும். 2000-ல் அமெரிக்கா கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. கொரியாவில் பழக்கம் மாறவில்லை. மேக் வைத்திருந்தவர்களும் வங்கி வேலைக்கு விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தேடி ஓடினார்கள்.

அலைச்சலைவிடப் பெரிது ஆபத்து. 'நிறுவட்டுமா?' என்று திரை கேட்டால் யோசிக்காமல் 'ஆம்' என்று அழுத்த மக்கள் பழகிவிட்டார்கள். திருட்டு மென்பொருள் கேட்டாலும் அதே 'ஆம்'தான். ரகசியச் சாவியோ, எல்லோர் கம்ப்யூட்டரிலும் ஒரே பெயருள்ள ஃபோல்டரில், காப்பி எடுக்கக்கூடிய ஃபைலாகக் கிடந்தது. பாஸ்வேர்டும் திருடுபோனால் கதை முடிந்தது. தேக்குக் கதவைப் பூட்டிவிட்டு சாவியை நிலைக்கு மேலேயே வைத்த கதைதான்!

அதிபர் பேசிய இரண்டே மாதத்தில், 3 லட்சம் வொன்னுக்கு மேல் கார்டில் பொருள் வாங்க சான்றிதழ் கட்டாயம் என்ற விதி நீங்கியது. 2020 டிசம்பர் 10-ல், அரசு அங்கீகாரச் சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்தே போனது. ககாவோ, நேவர் போன்ற நிறுவனங்களின் மொபைல் சான்றிதழ்கள் அந்த இடத்துக்கு வந்தன. 2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தபோது, கியோங்ஜு நகரில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே வைத்துவிட்டார். மற்ற பிரவுசர்களை டவுன்லோடு செய்ய உதவிய நல்ல கருவி என்று அதில் இரங்கல் வேறு!

நம் சாவி எங்கே?

நம் நாட்டிலும் கம்பெனிப் பதிவு, ஜிஎஸ்டி, அரசு டெண்டர் என்று பல வேலைகளுக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் தேவைப்படுகிறது. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, இது பேனாவால் போடும் கையெழுத்துக்குச் சமம். இங்கே ரகசியச் சாவி, பென் டிரைவ் போன்ற டோக்கனுக்குள் இருக்கும். சாவியை வெளியே காப்பி எடுக்க முடியாதபடி அதை அமைத்திருக்கிறார்கள். அந்த வகையில் கொரியாவின் பழைய முறையைவிட ஒரு படி மேல்.

ஆனால், டோக்கனை வேறு யாருடைய மேஜை டிராயரிலோ விட்டுவைத்து, பின் நம்பரையும் சொல்லிவிட்டால்? கையெழுத்துப் போட்ட வெற்று செக் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்ததற்குச் சமம். அதனால் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

* டோக்கன் உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். வேலை இருக்கும் நாளில் நீங்களே எடுத்துப் போய், முடிந்ததும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.
* டோக்கனோடு வந்த பின் நம்பரை முதல் நாளே மாற்றுங்கள்.
* தொலைந்தால், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடம் உடனே சொல்லி ரத்து செய்யுங்கள். தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டமும் சொல்லும் கடமை.

கணையாழி அனுமன் கையில் இருந்ததால் சீதைக்கு நம்பிக்கை வந்தது. அதுவே ராவணன் கையில் கிடைத்திருந்தால்?